அசையும் விளம்பரப் பேனரின் கோப்பு அளவைக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாம்பழக் காலம் நெருங்கும்போது கிருஷ்ணகிரியில் வடிவமைப்பு வேலை செய்பவர்களிடம் இணையப் பேனர் கேட்டு வருபவர்கள் அதிகமாகிறார்கள். மாங்கூழ் ஆலைக்காரர், ஒட்டுக்கன்று விற்கும் நாற்றுப்பண்ணைக்காரர், ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்பவர் என்று யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: படம் அசைய வேண்டும். வேலைக்குப் புதியவர்கள் செய்யும் முதல் பேனர் பெரும்பாலும் 2 எம்பி, 3 எம்பி அளவில் வந்து நிற்கிறது. விளம்பரத் தளம் அதை ஏற்பதில்லை. பிறகு வண்ணத்தைக் குறைக்கிறார்கள், மேலும் குறைக்கிறார்கள். 150 கேபிக்கு வரும்போது செந்தூரா மாம்பழம் அழுகிய பழமாகத் தெரிகிறது.

கோப்பைச் சேமிக்கும் பெட்டியில் அளவு தீர்மானமாவதில்லை. எந்தப் பிக்சல்கள் (படத்தை ஆக்கும் மிகச் சிறு புள்ளிகள்) மாறுகின்றன, எத்தனை முறை மாறுகின்றன என்பதை நீங்கள் திட்டமிடும்போதே அது தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். 8ஆம் படியில் இருக்கும் வண்ணக் குறைப்பை முதலில் செய்தால் மற்ற எல்லாப் படிகளும் பாதிப் பலன்தான் தரும்.

எடுத்துக்காட்டாக, சந்தூர்ப் பக்கத்து மாங்கன்று நாற்றுப்பண்ணை ஒன்றுக்கு 300×250 பிக்சலில் ஜிஃப் (GIF, அசையும் படக் கோப்பு வகை) பேனர் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

1. விதிமுறையை முதலில் எழுதி வாங்குங்கள்

பேனர் எங்கே ஓடப்போகிறது என்று தெரியாமல் வேலையைத் தொடங்காதீர்கள். கூகுள் விளம்பரங்களில் நாம் ஏற்றும் படப் பேனருக்கு 150 கேபி என்பது நெடுநாளாகப் புழங்கிவந்த வரம்பு, இன்றைய வரம்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அசைவு 30 நொடிக்குள் நின்றுவிட வேண்டும். ஜிஃப் என்றால் நொடிக்கு 5 ஃபிரேமுக்கும் (அடுத்தடுத்துக் காட்டப்படும் தனிப்படங்களுக்கும்) குறைவாகவே ஓட வேண்டும். உள்ளூர்ச் செய்தித் தளங்கள் தங்களுக்கென்று வேறு அளவும் வேறு வரம்பும் வைத்திருக்கும். ஏற்கும் கோப்பு வகை, பிக்சல் அளவு, கேபி வரம்பு, ஓடும் நேரம் ஆகிய நான்கையும் அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நொடிக்கு 5 ஃபிரேம் என்ற விதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ஃபிரேம் 0.2 நொடியைவிடக் கூடுதலாக நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த வேகத்தில் எந்தப் பொருளும் வழுக்கிக்கொண்டு நகராது, தத்தித் தத்தித்தான் போகும். மென்மையான நகர்வை வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து விதியைப் படித்தால், அந்தப் பேனரை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

மூலப் படம், வாட்ஸ்அப்பில் படமாக வந்தது அல்ல. அந்த வழியில் வரும் படம் ஏற்கெனவே கடுமையாகச் சுருக்கப்பட்டிருக்கும். பழத்தின் விளிம்பைச் சுற்றிச் சிறு சிறு கட்டங்களும் கறைகளும் படிந்திருக்கும். கண்ணுக்கு அவை பெரிதாகத் தெரியாவிட்டாலும், ஜிஃப் ஒவ்வொரு கறையையும் ஒரு தகவலாக எண்ணி உண்மையாகச் சேமித்து வைக்கும். அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும்.

லோகோவை வெக்டர் கோப்பாக (எந்த அளவிலும் உடையாத கோட்டு வடிவமாக) கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒளி ஊடுருவும் பின்னணி உள்ள பிஎன்ஜி போதும். விசிட்டிங் கார்டைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவார்கள். அதை ஏற்காதீர்கள், லோகோவை வரைந்துகொள்வது விரைவு.

மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. இலவசமான ஜிம்ப் இந்த வேலை முழுவதையும் செய்யும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் ‘டைம்லைன்’ பலகையையும் ‘சேவ் ஃபார் வெப்’ வசதியையும் பயன்படுத்தலாம். கடைசிச் சுருக்கத்துக்கு ஜிஃப்சிகிள் என்ற சிறு நிரல் இருக்கிறது. கட்டளை எழுதிப் பழக்கமில்லாதவர்கள் ஈஸிஜிஃப் இணையதளத்தில் அதே வேலையைச் செய்துகொள்ளலாம்.

3. ஜிஃப் எப்படிக் கணக்கிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் சுட்டியைத் தொட வேண்டியதில்லை. ஆனால் இது புரியாதவர்களுக்கு மீதிப் படிகள் மனப்பாடமாகவே இருக்கும்.

ஜிஃப் ஒரு ஃபிரேமில் அதிகபட்சம் 256 வண்ணங்களை வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் வண்ண எண்ணை எழுதும். 256 வண்ணம் என்றால் பிக்சலுக்கு ஒரு பைட். 300×250 என்பது 75,000 பிக்சல், அதாவது சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ 73 கேபி. ஆகவே முழுப் படம் மாறும் ஃபிரேம் மூன்று வைத்தாலே 150 கேபியைத் தாண்டிவிடுகிறோம். இதன் பிறகுதான் சுருக்கம் வருகிறது. அந்தச் சுருக்கம், மேலிருந்து கீழாக, வரி வரியாக, இடமிருந்து வலமாகப் படித்து, திரும்பத் திரும்ப வரும் வண்ண வரிசைகளைக் குறியீடாக மாற்றுகிறது.

ஒரே வண்ணம் நீளமாக ஓடும் இடங்கள் இதனால் மிக நன்றாகச் சுருங்கும். புகைப்படத்தின் இலைக்கூட்டம், மணல், அருவி நீர் போன்றவை சுருங்கவே மறுக்கும். வண்ணம் படிப்படியாக மாறும் பின்னணி வேண்டுமென்றால் மேலிருந்து கீழாக மாறுவதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஒவ்வொரு வரியும் ஒரே வண்ணமாக இருக்கும். இடமிருந்து வலமாக மாறுவது, வரிக்கு வரி பல வண்ணங்களைக் கடந்து போக வேண்டியிருப்பதால், கூடுதல் இடம் எடுக்கும்.

இன்னொன்று, ஜிஃப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்க வேண்டியதில்லை. முந்தைய ஃபிரேமின் மேல் ஒட்டும் சிறு செவ்வகமாக இருக்கலாம். பேனர் செய்பவருக்கு இருக்கும் மிகப் பெரிய வசதி இதுதான்.

நம் நாற்றுப்பண்ணைப் பேனரில் முதல் ஃபிரேம் மட்டும் 75,000 பிக்சல் என்றும், பிறகு வரும் மூன்று வாசகங்களும் 170×90 செவ்வகத்துக்குள் மட்டும் மாறுகின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 15,300 பிக்சல், மூன்றும் 45,900. மொத்தம் 1,20,900. இது சுருக்குவதற்கு முன்பே ஏறத்தாழ 118 கேபிதான். அதே நான்கு ஃபிரேமும் முழுப் படமாக இருந்தால் 3,00,000 பிக்சல். இரண்டு பேனரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

4. காட்சிகளைத் தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று எழுதுங்கள். நம் பேனருக்கு இப்படி எழுதலாம். வலப்பக்கம் பழத்தோடு மாங்கிளை, கீழே பண்ணையின் பெயர்ப் பட்டை: இவை அசையவே கூடாது. இடப்பக்கச் செவ்வகத்தில் மட்டும் ‘ஒட்டு மாங்கன்றுகள்’, ‘அல்போன்சா, செந்தூரா, மல்கோவா’, ‘நேரிலும் பார்சலிலும்’, கடைசியாகத் தொலைபேசி எண்.

கடைசிக் கட்டத்தில் எண்ணும் பெயரும் இருப்பது கட்டாயம். 30 நொடிக்குப் பிறகு அசைவு நின்றுவிடும், பக்கத்தில் நிலைத்து நிற்கப்போவது அந்தக் கட்டம்தான்.

மாறும் இடங்களை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். மேல் இடமூலையில் ஒரு நட்சத்திரம் மின்ன, அதே நேரத்தில் கீழ் வலமூலையில் விலை மாறினால், இரண்டையும் உள்ளடக்கும் செவ்வகம் முழுப் பேனராகிவிடும். இரண்டும் வேண்டும் என்றால் வெவ்வேறு ஃபிரேமில் மாறட்டும்.

மங்கி மறைந்து அடுத்தது தோன்றும் மாற்றத்தை எல்லோரும் விரும்புகிறார்கள். ஐந்து படியில் மங்கினால், ஐந்து முறை அந்தப் பகுதி முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது. அந்த இடைநிலை வண்ணங்களும் 256 வண்ணங்களுக்கான அட்டவணையில் இடம் பிடித்துக்கொள்கின்றன. வாசகம் சட்டென்று மாறட்டும். நொடிக்கு 5 ஃபிரேமுக்குக் கீழே ஓடும் பேனரில் மங்கல் எப்படியும் அழகாக வராது.

ஒகேனக்கல் பேனர் கேட்பவர்கள் அருவி விழுவது தெரிய வேண்டும் என்பார்கள். அருவி வீடியோவை ஜிஃப் ஆக்குவதைப் போல அளவைப் பெருக்கும் வேலை வேறு இல்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு நீர்த்துளியும் மாறுகிறது, எதுவும் திரும்ப வருவதில்லை. அருவியை நிலைப்படமாக வைத்து, கீழே சலனமில்லாத நீர்ப்பரப்பில் ஒரு பரிசலை மட்டும் மூன்று நான்கு இடங்களில் நகர்த்திக் காட்டுங்கள். பார்ப்பவருக்கு இடமும் புரியும், அசைவும் தெரியும்.

5. பின்னணியைச் சுத்தம் செய்யுங்கள்

முதலில் படத்தை வேண்டிய அளவுக்கு வெட்டி, சரியாக 300×250க்குக் குறையுங்கள். இது முழு வண்ண நிலையிலேயே நடக்க வேண்டும். ஜிஃப் ஆன பிறகு அளவைக் குறைத்தால் விளிம்புகள் ரம்பப் பல்லாக உடையும், அல்லது புது வண்ணங்கள் உருவாகிக் கோப்பு மறுபடி பெருக்கும். 728×90 வேண்டும் என்றால் மூலப் படத்திலிருந்து தனியாகச் செய்யுங்கள். முடித்த ஜிஃப்பை இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள்.

பிறகு, பழத்தைச் சுற்றியிருக்கும் தோப்பு உண்மையில் தேவையா என்று கேளுங்கள். பெரும்பாலும் தேவையில்லை. பழத்தையும் இரண்டு இலையையும் வெட்டி எடுத்து, ஒரே வண்ணப் பின்னணியில் வைத்தால் கோப்பின் அளவு வேறு எந்த வித்தையாலும் குறையாத அளவுக்குக் குறையும். தோப்பு இருந்தே தீர வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னால், அதை மட்டும் தேர்ந்தெடுத்து நன்றாக மங்கலாக்குங்கள். ஜிம்ப்பில் ‘செலக்டிவ் காஸியன் பிளர்’ இதற்குப் பொருத்தம். விளிம்புகளை விட்டுவிட்டுப் பரப்புகளை மட்டும் மென்மையாக்கும் என்பதால் பழத்தின் தோலில் இருக்கும் கேமரா இரைச்சலையும் (தேவையற்ற புள்ளிகளையும்) இதே கருவியால் லேசாக நீக்கலாம்.

வெள்ளை அல்லது கறுப்புப் பின்னணிப் பேனருக்குச் சுற்றி எல்லைக்கோடு வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. அந்தக் கோட்டை அடிப்படை ஃபிரேமில் மட்டும் போடுங்கள். வாசகம் மாறும் ஒவ்வொரு லேயரிலும் (படத்தின் அடுக்கிலும்) கோட்டைப் போட்டு, அதுவும் ஒரு பிக்சல் தள்ளிப் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு பிக்சலால் மாறும் செவ்வகம் முழுப் பேனராக விரிந்துவிடும்.

6. தமிழ் எழுத்தை வைப்பது

ஆங்கிலப் பேனருக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. நம் எழுத்துகள் அகலமானவை, சுழிகள் நிறைந்தவை. 320×50 பேனரில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வைத்தால் யாராலும் படிக்க முடியாது.

தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய கோடுகள் வண்ணக் குறைப்பில் உடைந்து போகும். குறிப்பாகப் புள்ளியைக் கவனியுங்கள். சிறிய அளவில் புள்ளி என்பது நான்கைந்து பிக்சல்தான். சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது அதுவே. புள்ளி போன ‘கன்று’ வேறு சொல்லாகிவிடும், பணம் கொடுத்தவரின் பெயரில் போனால் அதைவிட மோசம்.

எழுத்து ஒரே வண்ணப் பட்டையின் மேல் இருக்கட்டும். அப்போது எழுத்தின் விளிம்பை மென்மையாக்க எட்டுக்கும் குறைவான இடைநிலை வண்ணங்களே போதும். புகைப்படத்தின் மேல் நேரடியாக எழுதினால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் அடியில் இருக்கும் ஒவ்வொரு வண்ணத்தோடும் கலந்து புதுப்புது வண்ணங்களை உண்டாக்கும். நிழல், ஒளிவட்டம் ஆகியவையும் இதே காரணத்துக்காகக் கூடாது.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சாவது போன்ற அசைவு கேட்டால், சொல் சொல்லாகக் காட்டுங்கள். எழுத்தெழுத்தாக வெட்டும் மென்பொருள்கள் ‘கொ’ வரும் இடத்தில் கொம்பைத் தனியே தொங்கவிடும். ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி நின்றால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்க வேண்டும்.

7. ஃபிரேம்களை அடுக்குங்கள்

ஜிம்ப்பில் ஒவ்வொரு லேயரும் ஒரு ஃபிரேம். அடியில் இருக்கும் லேயர்தான் முதல் ஃபிரேம். புதியவர்கள் இதைத் தலைகீழாக அடுக்கி, தொலைபேசி எண்ணில் தொடங்கும் பேனரைப் பெறுகிறார்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை லேயர் பெயரில் அடைப்புக்குறிக்குள் மில்லிநொடியாக எழுதலாம்.

ஒரு வாசகம் இரண்டரை நொடி நிற்க வேண்டும் என்றால் ஒரே ஃபிரேமுக்கு 2,500 மில்லிநொடி கொடுங்கள். அதே படத்தைப் பல முறை நகலெடுத்து அடுக்காதீர்கள். வீடியோ மென்பொருளில் பேனரைச் செய்து ஜிஃப் ஆக மாற்றுபவர்களுக்கு நேர்வது இதுதான்: நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 10 நொடிக்கு 250 ஃபிரேம். நமக்குத் தேவை நான்கு.

நான்கு ஃபிரேம், ஒவ்வொன்றும் இரண்டரை நொடி, ஒரு சுற்று 10 நொடி. மூன்று சுற்று ஓடி நிற்கலாம். சுற்றுகளின் எண்ணிக்கை கோப்பின் அளவைக் கூட்டாது. சில மென்பொருள்கள் முதல் ஓட்டத்தைச் சேர்த்து எண்ணுகின்றன, சில சேர்க்காமல் எண்ணுகின்றன. ஆகவே பிரவுசரில் திறந்து, கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

8. வண்ணங்களைக் குறையுங்கள்

இப்போதுதான் வண்ணம். ‘இமேஜ்’ மெனுவில் ‘மோட்’, அதில் ‘இண்டெக்ஸ்ட்’. எல்லா லேயரும் ஒரே அட்டவணைக்கு மாறும். ஃபிரேமுக்கு ஒரு வண்ண அட்டவணை வைக்கும் கருவிகளும் உண்டு. 256 வண்ண அட்டவணை ஒன்றுக்கு 768 பைட் ஆகும் என்பது சிறிய இழப்பு. ஃபிரேம் மாறும்போது அசையாத பழத்தின் மஞ்சளும் சற்றே மாறி மினுக்குவது பெரிய இழப்பு.

128இல் தொடங்கி 64, 48, 32 என்று இறங்குங்கள். ஒவ்வொரு முறையும் பழத்தின் கன்னத்தைப் பாருங்கள். செந்தூராவின் சிவப்பு மஞ்சளில் கரையும் இடம்தான் முதலில் பட்டை பட்டையாக உடையும். அது தெரியத் தொடங்கியதும் ஒரு படி மேலே ஏறி நின்றுவிடுங்கள்.

பட்டை தெரியாமல் இருக்க இரண்டு வண்ணங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து தூவும் முறைக்கு டிதரிங் என்று பெயர். அது ஒரே வண்ண ஓட்டங்களை உடைப்பதால் கோப்பைப் பெருக்கும். முடிந்தவரை வேண்டாம். வேண்டும் என்றாலும் ‘ஃபிளாய்ட்–ஸ்டைன்பெர்க்’ வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது ஒரு பிக்சலின் பிழையைப் பக்கத்துப் பிக்சல்களுக்குக் கடத்திக்கொண்டே போகும். மேலே ஒரு எழுத்து மாறினால் கீழே மாறாத பின்னணியிலும் புள்ளிகள் இடம் மாறிவிடும். அசையாத பகுதி அசைந்ததாகக் கணக்காகி, இதுவரை சேமித்த அத்தனையும் வீணாகும். ‘பொசிஷண்ட்’ வகையில் புள்ளிகள் இடத்துக்குக் கட்டுப்பட்டவை, பின்னணி அப்படியே நிற்கும்.

9. மாறிய பகுதியை மட்டும் வையுங்கள்

‘ஃபில்டர்ஸ்’ மெனுவில் ‘அனிமேஷன்’, அதில் ‘ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப்’. ஒவ்வொரு லேயரையும் முந்தையதோடு ஒப்பிட்டு, மாறிய செவ்வகத்தை மட்டும் வெட்டி வைத்துப் புதிய படமாகத் திறக்கும். லேயர் பலகையைப் பாருங்கள். இரண்டாவது லேயர் இன்னும் 300×250 ஆக இருந்தால் எங்கோ ஏதோ மாறியிருக்கிறது: எல்லைக்கோடு, டிதரிங், ஒரு பிக்சல் நகர்ந்த லோகோ. கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

வண்ணக் குறைப்பு முதலில், ஒப்பீடு பிறகு என்ற வரிசைக்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. முழு வண்ணத்தில் சற்றே வேறுபடும் இரண்டு மஞ்சள்கள் குறைப்புக்குப் பிறகு ஒரே மஞ்சளாகிவிடும். அப்போது மாறியதாகக் கணக்காகும் பிக்சல்களும் குறையும்.

வேறொருவர் செய்த ஜிஃப்பைத் திருத்த வேண்டி வந்தால், அதே மெனுவில் உள்ள ‘அன்ஆப்டிமைஸ்’ மூலம் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுமையாக்கிவிட்டுத் தொடுங்கள்.

10. இழப்புள்ள சுருக்கம்

வரம்புக்கு 10, 15 கேபி கூடுதலாக நின்றால் மட்டும் இதற்கு வாருங்கள். ஜிஃப்சிகிள், ஈஸிஜிஃப் இரண்டிலும் ‘லாஸி’ என்றொரு எண் கொடுக்கலாம். பிக்சல்களைச் சிறிது மாற்றி நீளமான ஓட்டங்களை உண்டாக்கும் முறை இது. அதற்கு விலையாக, படத்தில் கிடைக்கோடுகளாகக் கீறல்கள் விழும். 30 அளவில் தொடங்குங்கள். புகைப்படம் 80ஐத் தாங்கினாலும் தமிழ் எழுத்து தாங்காது.

ஒருமுறை சுருக்கியதையே மறுபடி ஏற்றி மறுபடி சுருக்குவது கூடாது. எண் போதவில்லை என்றால் 9ஆம் படியின் கோப்புக்குத் திரும்பி, வேறு எண்ணோடு புதிதாகச் செய்யுங்கள்.

11. ஜிஃப் தாங்காத வேலை

நகைக்கடை ஆரம் மெல்லச் சுழல வேண்டும், பழம் கிளையிலிருந்து வழுக்கி வர வேண்டும் என்றால் ஜிஃப்போடு போராடாதீர்கள். எச்டிஎம்எல்5 பேனரில் (இணையப் பக்கம்போல எழுதப்படும் பேனரில்) பின்னணி ஒரு ஜேபெக், பழம் ஒரு பிஎன்ஜி, எழுத்து எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பு. நகர்வை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழி பார்த்துக்கொள்ளும். எத்தனை ஃபிரேம் ஓடினாலும் படம் ஒருமுறைதான் கோப்பில் இருக்கிறது. தமிழ் எழுத்துருக் கோப்பை முழுதாக உள்ளே வைக்காதீர்கள், வாசகத்தை வடிவக்கோடுகளாக மாற்றி எஸ்விஜியில் சேமியுங்கள். கூகுளில் இந்த வகைப் பேனர் ஏற்றும் வசதி எல்லாக் கணக்குக்கும் திறந்திருப்பதில்லை. வாடிக்கையாளரின் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வெப்பி (WebP) என்ற வகைப் படக் கோப்பும் அசையும், அளவும் சிறிது. ஆனால் விளம்பரத் தளம் அதை ஏற்கும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

12. அனுப்பும் முன்

விண்டோஸில் கோப்பின் பண்புகளைத் திறந்தால் இரண்டு அளவுகள் தெரியும். ‘சைஸ்’ என்பதைப் பாருங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ வட்டில் பிடிக்கும் இடம், பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகக் காட்டும். மேக் கணினி கேபியை 1,000 பைட்டாகவும் விண்டோஸ் 1,024 பைட்டாகவும் எண்ணுவதால், 149இல் நிற்கும் கோப்பு வேறிடத்தில் 150ஐத் தாண்டியதாகத் தெரியலாம். 140ஐ இலக்காக வையுங்கள்.

பிரவுசரில் திறந்து, பெரிதாக்காமல் பாருங்கள். பிறகு கைப்பேசியில், வெயிலில் நின்று பாருங்கள். எல்லாப் புள்ளியும் இருக்கிறதா, தொலைபேசி எண்ணில் 3, 8 இரண்டும் வேறுபட்டுத் தெரிகின்றனவா, கடைசி ஃபிரேமில் நிற்கிறதா என்று சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒப்புதலுக்கு அனுப்பும்போது இதையும் டாக்குமெண்டாகவே அனுப்புங்கள். படமாக அனுப்பினால் ஜிஃப் வீடியோவாக மாறிவிடும், வாடிக்கையாளர் பார்ப்பது நீங்கள் செய்த பேனராக இருக்காது.

7ஆம் படியின் முழு வண்ண லேயர் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள். பண்ணைக்காரர் மறுவாரமே எண்ணை மாற்றச் சொல்வார். அப்போது அந்தக் கோப்பில் ஒரு லேயரைத் திருத்திவிட்டு, 8இலிருந்து மறுபடி வந்தால் போதும்.